மீட்புப் பொத்தானுக்குத் திறப்பு விழா

எனக்கு இந்தச் சங்கத்தைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பாரபட்சம் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்கு மண்டியின் மாடியில் இருக்கிறது தமிழ் மக்கள் ஆரோக்கிய ரட்சணக் கூட்டுறவுச் சங்கம். அங்கே மருந்து கிடையாது, மருத்துவர் கிடையாது. ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. அதையும் ஏதோ ஒரு திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றும் நெரிசலில் யாரோ மிதித்துவிட்டார்கள். ஆனால் பீரோ நிறையப் பொன்னாடை இருக்கிறது. படியேறி வருகிறவர்கள் கீழேயிருந்து கிளம்பும் சுக்குத் தூசியில் தும்மிக்கொண்டே வருவார்கள். சங்கத்தால் பொதுமக்களின் ஆரோக்கியத்தில் ஏற்பட்ட கண்கூடான மாற்றம் அது ஒன்றுதான்.

இந்தச் சங்கம் ஒருநாள் ‘ஆரோக்கிய மித்திரன்’ என்று கைபேசிச் செயலி ஒன்றை வெளியிட்டது. அங்கத்தினர்கள் தங்கள் நோய் விவரங்களை எழுத்தாகவோ, படமாகவோ, வீடியோவாகவோ அதில் ஏற்றலாம். எல்லாம் நேராகச் சங்கத்தின் கணினிக்குப் போய்விடும். ‘உங்கள் போனில் இடம் அடைக்காது, உங்கள் நோய் எங்கள் பொறுப்பு’ என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டினார்கள்.

அந்த நோட்டீஸை முழுசாக நம்பியவன் பிச்சைமணி. தென்காசிப் பக்கத்துக்காரன், போர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஹோட்டலில் தோசை மாஸ்டர். அவன் மகள் சங்கரிக்கு எட்டு வயது, அடிக்கடி வலிப்பு வரும். எறணாகுளத்து டாக்டர் சீதாலக்ஷ்மி, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவர், அவனிடம் சொல்லியிருந்தார்: “ஒவ்வொரு தடவை வரச்சேயும் வீடியோ எடுத்து வையுங்கோ. முதல்ல எந்தக் கை இழுக்கறது, கண்ணு எந்தப் பக்கம் திரும்பறது, எல்லாம் வேணும். தலைக்குள்ள எந்த எடத்துலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரிஞ்சாத்தான் ஆபரேஷன் பண்ணி நிறுத்த முடியுமான்னு சொல்ல முடியும்.”

இரண்டு வருஷமாகப் பிச்சைமணியும் அவன் மனைவி மாடத்தியும் அதைச் செய்தார்கள். ஒருவர் பிள்ளையைச் சாய்த்துப் பிடிக்க, மற்றவர் படம் எடுப்பார். பெற்ற பிள்ளை துடிப்பதைப் படம் எடுப்பது எப்படியிருக்கும் என்று சங்கத்தில் எவனுக்கும் தெரியாது. எடுத்ததையெல்லாம் ஆரோக்கிய மித்திரனில் ஏற்றி, போனிலிருந்து அழித்துவிட்டு, சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தார்கள். ஆபரேஷன் உண்டா இல்லையா என்று முடிவு சொல்ல டாக்டர் ஒரு தேதியும் கொடுத்துவிட்டார்.

அதற்குச் சில வாரங்கள் முன்னால் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. செயலியைத் திறந்ததும் தலைவர் வெங்கிடாசலத்தின் படம் வர வேண்டும் என்று கமிட்டி தீர்மானித்தது. முதலில் பாஸ்போர்ட் அளவில் போட்டார்கள். தலைவருக்குத் திருப்தியில்லை. பொன்னாடை முழுசாகத் தெரிய வேண்டும் என்றார். கணினி ஆப்பரேட்டர் ஸாதனா பழைய செயலியை எடுத்துவிட்டுப் பொன்னாடை கொள்கிற மாதிரிப் புதிய செயலியைப் போட்டாள். பொன்னாடை கொண்டது. அங்கத்தினர்கள் ஏற்றியிருந்த அத்தனையும் போய்விட்டது.

மறுநாள் காலையில் பிச்சைமணி செயலியைத் திறந்தபோது தலைவர் கும்பிட்டபடி சிரித்தார். அவரைத் தாண்டிப் போனால் ஒன்றுமில்லை. மகள் பெயரைத் தட்டினான். ‘விவரம் ஏதும் இல்லை’ என்று வந்தது. தோசைக்கல்லை உதவியாளிடம் விட்டுவிட்டு பஜார் ரோட்டுக்கு ஓடினான்.

ஸாதனா அவனைச் சமாதானப்படுத்தினாள். “பேடிக்கண்டா சேட்டா, பயமே வேண்டாம். பேக்கப் இருக்கு. ராத்திரி ராத்திரி கம்ப்யூட்டர் தானா நகல் எடுத்து வைக்கும். ரீஸ்டோர் பொத்தானை அமுக்கினாப் போதும், எல்லாம் திரும்பி வந்துடும்.”

“அப்ப அமுக்குங்க சேச்சி.”

“ஐயோ, செக்ரட்டரி சொல்லாம நான் அமுக்கினா என் வேலை போகும். அவர்ட்ட கேளுங்கோ. ஆனா சீக்கிரம் கேளுங்கோ. இது ஏழு நகல்தான் வச்சுக்கும். புதுசு ஒண்ணு வந்தா, இருக்கறதுல பழசு ஒண்ணை அழிச்சுடும். தலைவரோட பெரிய படம் போடறதுக்கு முந்தின நகல் அழிஞ்சுதுன்னா அப்பறம் கடவுளே வந்து அமுக்கினாலும் வராது.”

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். பொத்தான் இருக்கிறது, விரல் இருக்கிறது. நடுவில் சங்கம் இருந்ததுதான் கஷ்டம்.

செயலாளர் சேவியர் ஏலக்காய்த் தரகர். பொறுமையாகக் கேட்டார்.

“டேட்டா நஷ்டப்பட்டுப் போச்சுன்னு யாரு பறஞ்சது?”

“போன்ல இல்லியே சாரே.”

“உன் போன்ல இல்லேன்னா உன் போன்ல இல்லே. சங்கத்துல ஒண்ணும் போகலை. ஆண்டறிக்கையில ‘இழப்பு: பூஜ்யம்’னு அச்சாயிட்டுது, டிபார்ட்மெண்டுக்கும் அயச்சாச்சு. தொலையாத ஒண்ணை எப்படி மீட்கிறது? நாளைக்கு ஆடிட்டர் வந்து, ‘எந்தா சேவியரே, தொலையாததை எதுக்கு மீட்டே’ன்னு கேட்டா நான் எந்து சொல்லும்?”

பிச்சைமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எம் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி தேதி வந்துட்டு சாரே. என்ன வேணும்னாலும் எழுதித் தாரேன்.”

சேவியர் இரக்கப்பட்டார். ‘என் விவரம் எதுவும் தொலையவில்லை, இருப்பினும் தயவுசெய்து மீட்டுத் தரவும்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு, கமிட்டியில் வைப்பதாகச் சொன்னார்.

கமிட்டி கூடியது. சாயாவும் பழம்பொரியும் வந்தன. தலைவர் வெங்கிடாசலம் ஸாதனாவை அழைத்து, இந்த நகல் எப்படி எடுக்கப்படுகிறது என்று விசாரித்தார். தானாக எடுக்கும், யாரும் சொல்ல வேண்டியதில்லை என்றாள். தலைவரின் முகம் மாறிவிட்டது. அவர் அன்று ஆற்றிய உரையை நான் ஒரு வார்த்தை விடாமல் தருகிறேன். நானும் அங்கத்தினன்தான், பழம்பொரித் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“நம்ம சங்கத்துல ஒரு டியூப் லைட்டு மாத்தணும்னாலும் கமிட்டி கூடணும், தீர்மானம் போடணும், இல்லையா? இந்த மெஷின் ஆரைக் கேட்டு ராத்திரி ராத்திரி வேலை பாத்துண்டிருக்கு? ஆரு சொல்லி? எந்தத் தீர்மானத்துப்படி? இன்னிக்கு நகல் எடுக்கும், நாளைக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். எல்லாம் தானா நடக்கும்னா நாம எதுக்காக்கும் இங்க இருக்கோம்?”

அனுமதியின்றி வேலை செய்ததற்காகக் கணினியிடம் விளக்கம் கேட்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று. விளக்கம் கேட்கும் நோட்டீஸை ஸாதனா அதே கணினியில்தான் அடித்தாள். கணினிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாததால், பெற்றுக்கொண்டதற்கு அவளே போட்டாள். அன்று ராத்திரி கணினி வழக்கம்போல் ஒரு நகல் எடுத்தது. அந்தச் சங்கத்தில் கூட்டம் போடாமல் வேலை செய்த ஒரே ஜீவன் அதுதான்.

அடுத்த கூட்டத்தில், மீட்பது என்றால் யாருடையதை முதலில் மீட்பது என்ற பிரச்சினை எழுந்தது. ஒரு பொத்தானை ஒருமுறை அமுக்கினால் எல்லாருடையதும் சேர்ந்தே வரும் என்றாள் ஸாதனா. அது அராஜகம் என்றார் சேவியர். காலமான ஸ்தாபகருடையதை முதலில் மீட்டுப் பிறகுதான் மற்றவர்களுடையதைத் தொட வேண்டும் என்று திருத்தம் வந்தது. ஸ்தாபகர் காலமான பிறகுதான் செயலியே வந்தது, அவர் விவரம் அதில் இருக்க வழியில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். “இல்லேன்னா என்ன? மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?” என்றார் தலைவர். திருத்தம் நிறைவேறியது.

அதற்குப் பிறகுதான் கலை நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஹரிஷங்கர் எழுந்தார். இந்த மனிதருக்கு மைக்கையும் பிளெக்ஸையும் தவிர உலகத்தில் வேறெதுவும் கண்ணில் படாது.

“சும்மா ஒரு ரூம்ல உக்காந்து பொத்தானை அமுக்கினா ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? இது சங்கத்தோட சாதனை இல்லையா? நாம ‘மீட்பு மகோற்சவம்’னு ஒரு விழா வைப்போம். செண்டை மேளம், குத்துவிளக்கு, வரவேற்பு, தலைமையுரை, உத்காடனம்னு திறந்து வைக்கறது, ஆசியுரை, நன்றியுரை. ஒரு பெரிய மனுஷரைக் கூட்டிண்டு வந்து பொத்தானை அமுக்கச் சொல்லுவோம்.”

இந்த ஊரில் திறந்து வைக்காமல் ஒரு குழாய்கூடச் சொட்டாது. ஆகவே யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர் சம்மதித்தார். அவருக்கு அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறுதான் ஒழிந்தது. டாக்டர் கொடுத்த தேதி அதற்கு மறுநாள்.

பிச்சைமணி மாடியேறி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “அதுக்குள்ள அந்தப் பழைய நகல் அழிஞ்சி போயிருமாமே சார். இந்தச் சேச்சிதான் சொன்னாவ.”

“அழியப்பிடாதுன்னு ஒரு தீர்மானம் போட்டுடலாம்” என்றார் தலைவர்.

போட்டார்கள். ‘மேற்படி நகல் விழா முடியும்வரை அழியலாகாது எனக் கமிட்டி ஏகமனதாகத் தீர்மானிக்கிறது’ என்று தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, கணினியின் நெற்றியில் பசை தடவி ஒட்டினார்கள். கணினி அதைப் படிக்கவில்லை.

ஒருநாள் பிச்சைமணி எறணாகுளம் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் ஒரு பென் டிரைவ் வாங்கி வந்தான். பழைய நகலை அதில் போட்டுக்கொடுத்தால் போதும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சேவியர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அங்கத்தினர் ரகசியத்தைச் சங்கத்துக்கு வெளியே கொண்டுபோவது சட்டவிரோதம் என்றார். “என் பிள்ளை ரகசியந்தானே சார்” என்றான் பிச்சைமணி. “இங்க ஏத்தியாச்சுன்னா சங்கத்தோட ரகசியம்” என்று பென் டிரைவைப் பொன்னாடை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அடுத்து, விழா வரை கணினியை அணைத்து வைத்தால் புது நகல் எடுக்காதே, பழையது பிழைக்குமே என்று கேட்டான். தலைவருக்கே இது நல்ல யோசனையாகப் பட்டது. அணைக்கச் சொன்னார். அரை நாள் அணைந்திருந்தது. பிறகு ஹரிஷங்கர் வந்தார். மீட்பு மகோற்சவத்தின் பிளெக்ஸ் அந்தக் கணினியில்தான் தயாராகிக்கொண்டிருந்தது. தலைவரின் மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது, சரிசெய்ய வேண்டும். கணினியை மறுபடி போட்டார்கள். பிளெக்ஸ் வேலை முடியும்வரை அது அணையவே இல்லை. மீட்கப் போகிறோம் என்று ஊருக்குச் சொல்லும் விளம்பரம் ஒவ்வொரு நாளும் நகலாகச் சேர்ந்தது, மீட்க வேண்டியது ஒவ்வொரு நாளும் வாசல் பக்கம் நகர்ந்தது.

ஸாதனாவுக்குக் கொஞ்சம் மனசாட்சி மிச்சம் இருந்தது. ஒருநாள் மத்தியானம் பிச்சைமணியைப் பார்த்து, “நான் சாயா குடிக்கப் போறேன். திரும்பி வரக் கால் மணி ஆகும். பச்சைப் பொத்தான். நான் ஒண்ணும் சொல்லலை” என்று இறங்கிப் போனாள். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பச்சைப் பொத்தானைத் தட்டினான். ‘இப்போதுள்ளவை நீக்கப்படும், சம்மதமா?’ என்று திரையில் வந்தது. பின்னால் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். எதை நீக்குமோ, தப்பாக ஏதும் ஆகிவிட்டால் பிள்ளை விவரமும் சேர்ந்து போய்விடுமோ என்று அவன் விரல் நின்றுவிட்டது. நின்ற அந்தச் சமயத்தில் ஹரிஷங்கர் உள்ளே நுழைந்தார்.

“தலைவர் படத்தை அழிக்கப் பாக்கறான்!” என்ற சத்தம் கீழே மண்டியில் சுக்கு அள்ளுகிறவர்களுக்கும் கேட்டது.

அவசரக் கமிட்டி. மீட்டால் பழைய செயலி வரும், பழைய செயலியில் தலைவர் பாஸ்போர்ட் அளவில்தான் இருப்பார் என்ற உண்மை அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு தலைவர் பெருந்தன்மையாகப் பேசினார். “எனக்குப் பதவி ஆசையோ படத்து மேல ஆசையோ கெடையாது கேட்டேளா. ஆனா அது என் படம் இல்லை, சங்கத்தோட முகமாக்கும். ஒரு கொழந்தையோட வலிப்புக்காகச் சங்கத்தோட முகத்தைச் சின்னதாக்கப்பிடாது.” பிச்சைமணியை நீக்கிவிடலாம் என்றார் ஹரிஷங்கர். நீக்கினால் விழா மேடையில் பயனாளி என்று நிற்க ஆள் இல்லை என்றார் சேவியர். மன்னித்தார்கள். மேடையில் பொன்னாடை வாங்கிக்கொள்வதாக அவனிடம் ஒப்புதல் வாங்கினார்கள். ஸாதனா அதற்குப் பிறகு சாயா குடிக்க இறங்கவே இல்லை.

விழாவுக்குச் சில நாள் முன்பு, பிளெக்ஸில் கடைசித் திருத்தம் முடிந்த அன்று ராத்திரி, கணினி இன்னொரு நகல் எடுத்தது. பழையது அழிந்தது. காலையில் ஸாதனா அதைச் செயலாளரிடம் சொன்னாள். “தீர்மானம் ஒட்டியிருக்கில்லே? பின்னே எப்படி அழியும்?” என்றார் சேவியர். அவள் திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய வேலை ஒப்பந்தம் அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மீட்பு மகோற்சவம் சிறப்பாக நடந்தது. செண்டை முழங்கியது. வரவேற்புரையில் தலைவரையும், தலைமையுரையில் வரவேற்றவரையும் புகழ்ந்தார்கள். கணினிக்கு மாலை போட்டிருந்தார்கள். பெரிய அதிகாரி, தமக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் அதை நிரூபித்தார். பிறகு பொத்தானை அமுக்கினார். திரையில் ‘மீட்பு வெற்றி’ என்று வந்தது, அடுத்து தலைவர் வந்தார், பொன்னாடையோடு. அரங்கம் கை தட்டியது.

பிச்சைமணியை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். அவன் அதோடு நிற்காமல் கணினி பக்கம் போய் மகள் பெயரைத் தட்டினான். விவரம் ஏதும் இல்லை. மைக் பக்கத்திலேயே இருந்ததால் அவன் கேட்டது எல்லாருக்கும் கேட்டது. “எம் பிள்ளையோடது எங்க சார்?”

தலைவர் தடுமாறவில்லை. மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “ஆரோக்கியம்னா முன்னாடி பாக்கறதாக்கும். போனதையே நெனச்சுண்டிருக்கப்பிடாது. இனிமே வரப்போற வலிப்பையெல்லாம் புதுசா ஏத்திக்கோ அப்பா. இப்ப எடம் தாராளமா இருக்கு.”

இதற்கும் கை தட்டினார்கள். அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

மறுநாள் டாக்டர் சீதாலக்ஷ்மி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை மேஜையில் வைத்தார். “ஒரு வீடியோகூட இல்லையா? ஒண்ணுகூடவா?” மாடத்தி இல்லை என்று தலையை அசைத்தாள். “அப்ப வேற வழியில்லை. அட்மிட் பண்ணி மாத்திரையை நிறுத்தணும். வலிப்பு வரணும். நர்ஸ் பக்கத்துலயே இருப்பா, பயப்படாதேங்கோ. ஆனா அவளுக்குக் கொழந்தையைப் பிடிக்கத்தான் கை இருக்கும். ஆரம்பத்துலேர்ந்து வீடியோ நீங்கதான் எடுக்கணும்.”

வரவே கூடாது என்று இத்தனை காலம் கும்பிட்டவர்கள், வர வேண்டும் என்று கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். சங்கரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நான் என்னப்பா செய்யணும்?”

“ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா படுத்திரு. வந்ததை வீடியோ எடுத்தாச்சுன்னா பழையபடி மாத்திரை தருவோம்.”

“வரலைன்னா டாக்டரம்மா ஏசுவாங்களா?”

“ஏசமாட்டாங்க தாயி.”

மூன்றாம் நாள் காலையில், இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் கை விரல் ஒன்று தனியாகத் துடித்தது. மாடத்தி கத்தினாள். நர்ஸ் ஓடி வந்தாள். பிச்சைமணி போனை எடுத்துக் காமிராவைப் போட்டான். இரண்டு நொடி ஓடியிருக்கும். போன் அடித்தது. காமிரா நின்றுபோய்த் திரை முழுக்கச் சேவியர் பெயர் வந்தது. பதற்றத்தில் துண்டிக்க வேண்டிய இடத்துக்குப் பதிலாக வேறெதையோ தொட்டுவிட்டான்.

“பிச்சைமணி, ஒரு காரியம். விழா மலர் அடிக்கிறோம். சால்வை போட்ட போட்டோல நீ கொஞ்சம்கூடச் சிரிக்கலை. சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுத்து இப்பவே அனுப்பு, பிரஸ்ஸுல காத்திருக்கான்...”

அவன் போனைத் திருப்பிக் காமிராவைத் தேடிப் பிடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நர்ஸ் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடது கைதான் முதலில் என்றாள் மாடத்தி. வலது என்று தோன்றியது என்றாள் நர்ஸ். டாக்டர் வந்து, இரண்டு நொடி வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். இட்லித் தட்டும் போர்வையும்தான் தெரிந்தன. “போறாது. இன்னொண்ணு வரட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சங்கரி வெகு நேரம் தூங்கினாள். விழித்ததும் அப்பாவைத் தேடினாள்.

“வந்துச்சாப்பா?”

“வந்துச்சு.”

“எடுத்துட்டியா?”

“எடுத்தாச்சு கண்ணு.”

அவள் முகம் மலர்ந்தது. எழுந்து உட்கார்ந்து, “அப்ப மாத்திரை தா” என்று உள்ளங்கையை நீட்டினாள். மாடத்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிச்சைமணி அந்தக் கையில் தண்ணீர் டம்ளரை மட்டும் வைத்தான்.